குவைத் நர்ஸும் அடைத்த புறாக்களும்

ஷுப்ரா, கெய்ரோ
ஞாயிறு இரவு, எல்லோரும் தூங்கிய பின்

அன்புக்கும் மரியாதைக்கும், இந்த வீட்டில் பெயரை உச்சரிக்கக் கூடாது என்ற கட்டளைக்கும் உரிய இன்ஷிராஹ் சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் மனார் எழுதிக்கொள்வது. இந்தக் கடிதம் கைக்கு வரும் வேளையில் நீங்கள் நல்ல உடம்போடும் சுளுக்கில்லாத முழங்காலோடும் இருக்க இறைவன் அருள் புரியட்டும். அப்பா நலம், கழுத்தை மட்டும் திருப்ப முடியவில்லை, காரணம் பின்னால் வருகிறது. ஸமாஹ் அக்கா நலம், காலையும் மாலையும் அழுகிறாள், மணப்பெண் என்பதால் அதுவும் நலத்தில்தான் சேரும். அம்மா நலம் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறாள். நான் நலமில்லை. குளியலறையில், துணி துவைக்கும் மெஷின் மூடிமேல் உட்கார்ந்து, மடியில் வேதியியல் புத்தகத்தை வைத்து அதன்மேல் இந்தத் தாளை வைத்து எழுதுகிறேன். கதவுக்கு வெளியே காலடி கேட்டால் புத்தகத்தைப் புரட்டிச் சத்தமாகப் படிக்க வேண்டும். ஆகவே இடையில் அமிலம், காரம் என்று ஏதாவது வந்தால் அது உங்களுக்கு எழுதியதல்ல.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். சித்தி, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், மருதாணி இரவுக்கு நீங்கள் வரவேண்டாம்.

இதை எழுதியதும் எனக்கே அழுகை வருகிறது, ஆனாலும் அந்த வரியை அடிக்கமாட்டேன். பெருநாள் காலையில் நம் வீட்டுத் தொலைபேசி அடித்தது உங்களுக்கு நினைவிருக்கும், அடித்ததே நீங்கள்தானே. ஒவ்வொரு பெருநாளும் அது அடிக்கும், அம்மா எடுப்பாள், எதிர்ப்பக்கம் யாரும் பேசமாட்டார்கள். அம்மாவும் பேசமாட்டாள், வைக்கவும் மாட்டாள். ஒயரைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டு அப்படியே நிற்பாள். அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்த வாசனை வந்த பிறகு ‘ராங் நம்பர்’ என்று சொல்லி வைத்துவிட்டு, அன்று முழுக்க எங்களில் யாரையாவது திட்டிக்கொண்டே இருப்பாள். இந்தப் பெருநாளில் அம்மாவின் கை முழுக்க மாவு, அதனால் நான் எடுத்தேன். “யாரு, மனாரா? குரலே மாறிப்போச்சேடி!” என்றீர்கள். “ஸமாஹ்வுக்குக் கல்யாணமாமே, மருதாணி ராத்திரிக்கு வரேன்டி. கண்ணு மட்டும் தெரியற மாதிரி கறுப்புத் துணியில மூடிக்கிட்டு ஒரு மூலையில நின்னு பாத்துட்டுப் போயிடுறேன், ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது” என்று சொல்லி ஹுர்கதா முகவரியையும் கொடுத்தீர்கள். உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். “யாருடி அது?” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “ராங் நம்பர்மா” என்றேன். அம்மா மாவுக் கையோடு வந்து, நான் வைத்துவிட்ட தொலைபேசியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். “எப்பவும் நான்தானே எடுப்பேன்” என்றாள்.

உங்கள் முகத்தைத் துணியால் மூடலாம் சித்தி, நடையை எதைக் கொண்டு மூடுவது? இந்தத் தெருவில் நீங்கள் நாலு அடி வைத்தால் கடைசி வீட்டுப் பூனைக்குக்கூட யாரென்று தெரிந்துவிடும். தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும். ஏனென்றால் மாப்பிள்ளை வீட்டாரைப் பொறுத்தவரை நீங்கள் ஹுர்கதாவில் ஹோட்டல் மேடையில் ஆடவில்லை, குவைத்தில் நர்ஸாக இருக்கிறீர்கள்.

இதைச் சொன்னது அம்மா அல்ல. பெண் கேட்டு வந்த அன்று மாப்பிள்ளை இமாத் மச்சானின் அம்மா ஹாஜியம்மா தவ்ஹீதா பழரசக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, “உனக்குக் கூடப்பொறந்தவங்க யாரும்மா?” என்று அம்மாவைக் கேட்டார். அம்மா பொய் சொல்லமாட்டாள். அன்றைக்கு உண்மையையும் சொல்லமுடியவில்லை. தட்டிலிருந்த பிஸ்கட்டுகளை வரிசையாக அடுக்க ஆரம்பித்துவிட்டாள். அப்பாவுக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. “ஒரு தங்கச்சி. குவைத்துல. நர்ஸு” என்று துண்டு துண்டாகச் சொல்லிவிட்டு, கையிலிருந்த பழரசத்தை ஒரே மூச்சில் குடித்துப் புரையேறி இருமினார். ஹாஜியம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “நர்ஸா! என் முழங்காலுக்கு ஒரு களிம்பு அனுப்பச் சொல்லக்கூடாதா?” என்றார். அன்றிலிருந்து மாதா மாதம் அப்பா முனை மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கி, வெந்நீரில் ஊறவைத்து லேபிளைச் சுரண்டி எடுத்து, பட்டுக் காகிதத்தில் சுற்றி மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார். ஹாஜியம்மா அதைத் தெருவெல்லாம் காட்டி, “குவைத்து மருந்துன்னா குவைத்து மருந்துதான்! நம்மூரு களிம்பும் ஒரு களிம்பா? சாக்கடைத் தண்ணி!” என்கிறார். அந்த நேரத்தில் அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வருவதில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு இந்த வருடம் பள்ளி இறுதித் தேர்வு. வீட்டில் ஒரு இறுதித் தேர்வு இருந்தால் அது எப்படிப்பட்ட வீடு என்று உங்களுக்குத் தெரியும். தொலைக்காட்சிக்குத் துணி போர்த்தியாயிற்று. அப்பா கூடத்தில் நுனிக்காலில் நடக்கிறார், தும்மல் வந்தால் மொட்டைமாடிக்கு ஓடுகிறார். எல்லோரும் எனக்காக இவ்வளவு அமைதியாக இருப்பதைக் கேட்டுக் கேட்டே எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. தலையணை முழுக்க முடி. டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, “மூளைக்கு ஒண்ணுமில்ல, நரம்புதான். உடம்பு அசையணும், ஏதாவது உடற்பயிற்சி செய்யட்டும்” என்றார். அம்மா “மாடிப்படி ஏறி எறங்கு” என்றாள். ஏறி இறங்கினேன். படிக்கட்டில் பார்த்தவர்கள் எல்லோரும் “கண்ணு, பரீட்சைக்கு எல்லாம் படிச்சாச்சா?” என்று கேட்டதில் நடுக்கம் கூடிவிட்டது.

அப்போதுதான் எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. பொய், எப்போதும் இருக்கிற ஞாபகம்தான், அன்றைக்குக் காலில் இறங்கியது. நான் சின்ன வகுப்பில் இருந்தபோது நீங்கள் என் கட்டிலில் என்னோடு படுப்பீர்களே, பகலில் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது என் இடுப்பில் உங்கள் தலைத்துணியை இறுக்கிக் கட்டி, “தோளைத் தொங்க விடுடி, அது உன் தோளு, கோட்டு மாட்டுற ஆணி இல்ல” என்பீர்களே, இடுப்பால் காற்றில் எட்டு எழுதச் சொல்வீர்களே. “தாளம் முடியற எடத்துல ஆடாத. நில்லு. பாக்கிறவ மூச்ச விடட்டும். அதுக்கப்புறம் ஒரே ஒரு அசைவு போதும்” என்று சொல்லிக்கொடுத்தது எனக்கு அப்படியே இருக்கிறது. குளியலறைக் கதவைத் தாழிட்டு, ஒலிநாடா பாடுவது வெளியே கேட்காமலிருக்க இந்த மெஷினை ஓடவிட்டு, ஈரத்தரையில் வெறுங்காலோடு ஆடினேன். முடித்தபோது உடம்பெல்லாம் வேர்த்து, கை கல் மாதிரி அசையாமல் நின்றது. அன்றிரவு முடி கொட்டவில்லை. அதிலிருந்து தினமும் ஆடுகிறேன். மெஷின் ஓடுகிறதென்றால் உள்ளே துணி இருக்க வேண்டுமே, ஆகவே தினமும் துவைக்கிறேன். அப்பாவின் நீலச் சட்டை வெள்ளையாகிவிட்டது, வெள்ளைச் சட்டை வலையாகிவிட்டது. அம்மா பக்கத்து வீட்டில், “பரீட்சைக்குப் படிக்கிற புள்ள, இருந்தும் வீட்டுத் துணி எல்லாத்தையும் அவளே துவைக்கிறா” என்று பெருமையடிக்கிறாள்.

இத்தோடு நின்றிருந்தால் ஒரு கேடும் வந்திருக்காது. ஒருநாள் அடுப்படி இழுப்பறையில் கத்தி தேடியபோது, அடியில் விரித்திருந்த தாளைப் பார்த்தேன். பத்திரிகைத் தாள், நெடுக்காகக் கத்தரித்த பாதி. ‘நாட்டியக்காரி இன்ஷிராஹ் என்ன சாப்பிடுகிறார்?’ என்று மேலே பெரிய எழுத்து. யாரோ மீன் சுற்றிக் கொடுத்த தாளாக இருக்கும், அம்மா கவனிக்காமல் விரித்திருப்பாள் என்று நினைத்து, எடுத்து என் கட்டில் மெத்தைக்கடியில் ஒளித்துவைத்தேன். எழுத்தெழுத்தாக மனப்பாடம் ஆகிவிட்டது. காலையில் தயிர், வெள்ளரிக்காய், பேரீச்சம்பழம். மதியம் பருப்பு சூப், கீரை, எலுமிச்சை. ஆடுவதற்கு முன்னால் சோறும் பொரித்ததும் கூடாது, ஒரு பிடி வாதுமை போதும். சோடாவை வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது, தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். கடைசி வரி, ‘இரவு உணவைப் பொறுத்தவரை நான் ஒரே ஒரு விதியைத்தான்’ என்று ஆரம்பிக்கிறது. அங்கே கத்தரிக்கோல் போய்விட்டது. அந்த ஒரே விதி என்னவாக இருக்கும் என்று நிறைய யோசித்தேன். நாட்டியக்காரி ஆயிற்றே, சாப்பிடாமல் இருப்பதுதான் விதியாக இருக்கும் என்று முடிவுக்கு வந்தேன்.

ஆனால் நம் வீட்டில் இரவுச் சாப்பாடு என்பது புறா. பரீட்சை எழுதுகிற பிள்ளைக்குத் தெம்பு வேண்டும் என்று அம்மா அரிசி அடைத்த புறாவைச் செய்துகொண்டே இருக்கிறாள். பரீட்சைக்கு முன்பும் செய்துகொண்டுதான் இருந்தாள், இப்போது சாக்கு கிடைத்திருக்கிறது. “இந்த வீட்ல கல்யாணம் வந்தாலும் புறாவுக்குத்தான் ஆபத்து, பரீட்சை வந்தாலும் புறாவுக்குத்தான் ஆபத்து” என்று அப்பா சொன்னதற்கு, “உங்களுக்கு வேண்டாம்னா ரொட்டியத் தின்னுங்க” என்று பதில் வந்தது. நான் “ரூம்ல படிச்சிக்கிட்டே சாப்பிடுறேம்மா” என்று தட்டை வாங்கிப்போய், பால்கனியிலிருந்து காய்கறிக்காரனுக்கு இறக்குகிற கூடையில் புறாவை வைத்துக் கயிற்றை விட்டேன். கீழே இஸ்திரிக் கடை ஃபத்ஹி அண்ணன் தெரியுமல்லவா, அவர் எடுத்துக்கொண்டார். மறுநாளும் எடுத்துக்கொண்டார். அம்மா ஆசையாக அனுப்புவதாக நினைத்து, நன்றிக்கு அப்பாவின் சட்டைகளுக்குக் கஞ்சியை இரட்டிப்பாகப் போட ஆரம்பித்தார். கழுத்துப்பட்டை தகடாகிவிட்டது. அப்பா யாரைப் பார்ப்பதென்றாலும் உடம்போடு திரும்ப வேண்டியிருக்கிறது, அலுவலகத்தில் பெரிய மனிதராகிவிட்டார் என்று பேசிக்கொள்கிறார்கள். நான் பசியில் விடிய விடியப் புரண்டுகொண்டிருந்தேன். அம்மா நான் யாரையோ காதலிக்கிறேன் என்று ஸமாஹ் அக்காவிடம் சொல்லி அழுதாளாம்.

எல்லாம் ஒன்றாக வெடித்தது கல்யாண மெத்தை தைக்கிற அன்று. பஞ்சுக்காரர் தெருவில் ஜமுக்காளம் விரித்து ஸமாஹ் அக்காவின் பஞ்சை மலை மாதிரி கொட்டி அடித்துக்கொண்டிருந்தார். ரோஜா நிறச் சாட்டின் உறை, தூற்றலாகப் பறக்கிற பஞ்சு, எல்லாப் பால்கனியிலும் குலவை. ஹாஜியம்மா நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மணப்பெண்ணின் தங்கை மெத்தைக்கு முன்னால் ஆடியாக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆடாவிட்டால் அக்காமேல் பொறாமை என்பார்கள். அரைகுறையாக ஆடினால் “ரத்தத்துல உப்பே இல்ல” என்பார்கள். நன்றாக ஆடினால் கன்னத்தைக் கிள்ளுவார்கள். ரொம்ப நன்றாக ஆடினால் மட்டும் ஆபத்து. எவ்வளவு நன்றாக ஆடினால் ரொம்ப நன்றாக ஆகும் என்று இந்தக் கெய்ரோவில் எவரும் ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை, சித்தி. தாண்டிய பிறகுதான் கோடு தெரிகிறது.

என் இடுப்பில் யாரோ துணியைக் கட்டித் தள்ளிவிட்டார்கள். பயத்தில் கையை மட்டும் ஆட்டினேன். “என்னடி, பஸ்ஸ நிறுத்துறியா?” என்று மேலிருந்து ஒரு கிண்டல். எனக்கு வெட்கம் வந்தது, கண்ணை மூடிக்கொண்டேன். மூடியதும் இது தெரு இல்லை, மொட்டைமாடி, நீங்கள் ஈரத்துணியோடு எதிரே நிற்கிறீர்கள். தோள் தானாகத் தொங்கியது. வேதியியல் ஒவ்வொரு பாடமாக முதுகிலிருந்து இறங்கியது. தாளம் முடிகிற இடம் வந்தது. நின்றேன். தெருவும் நின்றது. பஞ்சுக்காரரின் கை நின்றது, பறந்த பஞ்சு மட்டும் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் மூச்சை விட்டதும் ஒரே ஒரு அசைவு வைத்தேன்.

குலவை வரவில்லை. அந்த அமைதியில் ஃபத்ஹி அண்ணன் கையில் இஸ்திரிப் பெட்டியோடு கடைக்கு வெளியே வந்து, அம்மாவைப் பார்த்து, “அஃபாஃப் அக்கா! உங்க தங்கச்சிதான் திரும்பி வந்துட்டாளோன்னு நெனச்சி ஒரு சட்டையவே பொசுக்கிட்டேன்! நீங்க தெனமும் அனுப்புற புறாவுக்கும் சேத்துச் சொல்றேன், உங்க வீட்டுக் கையும் காலும் நூறு வருஷம் நல்லா இருக்கணும்!” என்றார். ஒரே மூச்சில் என் இரண்டு ரகசியங்களையும் தெருவில் போட்டு இஸ்திரி போட்டுவிட்டார்.

“எந்தப் புறா?” என்றாள் அம்மா.

“எந்தத் தங்கச்சி?” என்றார் ஹாஜியம்மா. “குவைத்து நர்ஸா?”

அப்பா திரும்பிப் பார்க்க முயன்றார், கழுத்துப்பட்டை விடவில்லை. நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன், மெத்தை உறையின் ரோஜா நிறம் அதில் துளியும் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “ஆமா ஹாஜியம்மா. நர்ஸுங்களுக்கு இதெல்லாம் சொல்லிக்குடுப்பாங்க. உடற்பயிற்சி. நரம்புக்கு. டாக்டர்கூட என்னச் செய்யச் சொன்னாரு.”

ஹாஜியம்மா என்னை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தார். “நரம்புக்கா?”

“ரத்த ஓட்டத்துக்கும்.”

“எனக்கும் கொஞ்ச நாளா ரத்தம் சரியா ஓடல. நாளைக்கு வரேன், சொல்லிக்குடு” என்றார்.

வந்தார் சித்தி. அன்றிலிருந்து மதியத் தொழுகை முடிந்ததும் வந்துவிடுகிறார். கூடத்துக் கதவைச் சாத்தி, தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, “ம், வைத்தியத்த ஆரம்பி” என்கிறார். குவைத் களிம்பு செய்யாததை எட்டு போடுவது செய்துவிட்டது என்கிறார், முழங்கால் மடங்குகிறது. ஒருநாள் அந்த நிற்கிற இடத்தைச் சொல்லிக்கொடுத்தேன். அவர் நின்று பார்த்துவிட்டு, “உங்க சித்தி ஊசி போடுறதுக்கு முன்னாடி இப்படித்தான் நிப்பாளோ?” என்றார். “ஆமா” என்றேன். “நல்லாத்தான் நிப்பா. எனக்குத் தெரியும்” என்றார். அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு விளங்கவில்லை, எல்லா நர்ஸுகளும் அப்படித்தான் போலிருக்கிறது. போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “அவள மருதாணி ராத்திரிக்கு வரச்சொல்லு. நர்ஸு இல்லாத கல்யாணமும் ஒரு கல்யாணமா?” என்றார். நீங்கள் வந்தால் உங்களிடம் நாடி பார்க்கக் கையை நீட்டுவார். எதையாவது கேட்பார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

அம்மா என்னை அடிக்கவில்லை. அதுதான் பெரிய பயம். புறா விஷயத்துக்கு, “பிடிக்கலேன்னா சொல்லியிருக்கலாமே. நான் யாருக்குத்தான் செய்யிறது?” என்று மட்டும் கேட்டாள். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மெத்தை தைத்த அன்று சொந்த மகளின் மெத்தைக்குமுன் அம்மா ஆடவில்லை, எல்லோரும் கையைப் பிடித்து இழுத்தும் “இடுப்புல வலி” என்று சொல்லிவிட்டாள். நீங்கள் போனதிலிருந்தே அவளுக்கு அந்த வலி உண்டு. ‘மேடையில ஆடப்போறேன்னு இந்த வாசப்படி தாண்டினா எனக்குத் தங்கச்சியே கெடையாது’ என்று அன்றைக்குச் சொன்னாளே, சொன்ன சொல்லை விடாதவள், உங்களுக்குத் தெரியும். நேற்று என் கட்டில் மெத்தைக்கடியில் கைவிட்டுப் பார்த்தேன், அந்தப் பத்திரிகைப் பாதியைக் காணோம். அம்மா எடுத்திருப்பாள். எந்த நேரமும் கதவு தட்டப்படலாம்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். நீங்கள் வராமல், குவைத்திலிருந்து எழுதுவதுபோல ஒரு கடிதம் மட்டும் எழுதுங்கள். மருத்துவமனையில் விடுப்புக் கொடுக்கவில்லை, நோயாளிகள் நிறைய என்று எழுதுங்கள். ஹாஜியம்மாவின் முழங்காலை அன்போடு விசாரியுங்கள். அக்காவின் கல்யாணம் நல்லபடியாக முடியட்டும். நான் பரீட்சை எழுதி, பாஸாகி, வேலைக்குப் போய், என் சம்பளத்தில் பஸ் ஏறி ஹுர்கதா வந்து உங்கள் கதவைத் தட்டுகிறேன். அதுவரை இந்த மெஷின் பக்கத்தில் ஆடிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் கேட்கவேண்டும். ஆடும்போது கண்ணை மூடினால் நீங்கள் வருகிறீர்கள், ஆனால் உங்கள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறது. ஈரத்துணியும் கையும் குரலும் இருக்கின்றன, முகம் மட்டும் சரியாக வரமாட்டேன் என்கிறது. அந்தப் பத்திரிகையின் மற்ற பாதியில் உங்கள் படம் இருந்திருக்கும். உங்களிடம் ஒரு பிரதி இருந்தால், மடித்து, அந்தக் குவைத் கடிதத்துக்குள் வைத்து அனுப்புங்கள். நர்ஸுக்கு ஏன் இத்தனை ஜிகினா என்று யாராவது கேட்டால் நான் சமாளித்துக்கொள்கிறேன்.

உங்கள் காலடி படும் மேடைகள் வழுக்காமல் இருக்கட்டும். கடல் உங்களுக்கு நல்ல தூக்கத்தைத் தரட்டும். உங்களைக் கெட்ட கண் தீண்டாமல் இறைவன் காக்கட்டும். அப்பாவின் (அவருக்குத் தெரியாத) சலாம், ஸமாஹ் அக்காவின் (அவளுக்கும் தெரியாத) சலாம், என் ஆயிரம் முத்தங்கள்.

உங்கள் அன்பு மறவாத,
மனார்

பின்குறிப்பு: சித்தி, மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். கையொப்பத்தின் மை காய்வதற்குள் கதவு தட்டப்பட்டது. “காரமும் அமிலமும் சேர்ந்தால் உப்பு” என்று கத்தினேன். “உப்பு இருக்கட்டும், கதவத் தெற” என்றாள் அம்மா. உள்ளே வந்து, தாழிட்டு, தாளை என் கையிலிருந்து பிடுங்கி, மெஷின்மேல் என்னைத் தள்ளி உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து படித்தாள். பெருநாள் தொலைபேசி வந்த இடத்தில் நிறுத்தி, ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். களிம்பு வந்த இடத்தில் மூக்கால் சிரித்தாள். ‘நர்ஸு இல்லாத கல்யாணமும் ஒரு கல்யாணமா’ என்ற இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு, மெஷின் குலுங்கக் குலுங்கச் சிரித்துவிட்டு, “அடி பைத்தியமே, அவளுக்கு எல்லாம் தெரியும்டி! உன் சித்தி ஆடாத கல்யாணம் இந்த வட்டாரத்துல எது? நாங்களாச் சொல்லட்டும்னு அந்தக் கெழவி காத்துக்கிட்டிருக்கா!” என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்கு நானே போய்ச் சொல்றேன். சொல்லிட்டு வந்து உங்கப்பா கழுத்தையும் நிமித்துறேன்” என்றாள்.

அதன்பின் எழுந்துபோய், தன் தலையணை உறைக்குள்ளிருந்து இரண்டு தாள்களைக் கொண்டுவந்தாள். ஒன்று என் பாதி. மற்றது அதன் மறுபாதி. மீன் சுற்றி வந்ததல்ல சித்தி, அம்மாவே கடையில் வாங்கிய பத்திரிகை. படம் இருக்கிற பாதியைக் கத்தரித்துத் தலையணையில் வைத்துக்கொண்டு, மீதியைத் தூக்கியெறிய மனமில்லாமல் இழுப்பறையில் விரித்திருக்கிறாள். இரண்டையும் மெஷின்மேல் ஒட்டவைத்தோம். உங்கள் முகத்தைப் பார்த்தேன். நான் நினைத்துவைத்திருந்ததைவிட மூக்கு கொஞ்சம் பெரிது. ‘ஒரே ஒரு விதியைத்தான்’ என்பதற்குப் பின்னால் இருப்பதை அம்மா தாளைப் பார்க்காமலே சொன்னாள்: ‘வைத்திருக்கிறேன். பசியோடு படுக்கமாட்டேன். ஆடி முடித்தபின் என்ன கிடைத்தாலும் சாப்பிடுவேன். ஆனால் என் அக்கா செய்கிற அரிசி அடைத்த புறா மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை.’

அதைத்தான் சித்தி நான் கூடையில் வைத்து இறக்கிக்கொண்டிருந்தேன்.

“நீ நிக்கிறியே அந்த எடம், எடது காலுல நிக்கிற. தப்பு. அவளும் முதல்ல அப்படித்தான் நின்னா, நான்தான் திருத்தினேன்” என்று சொல்லி, இந்த ஈரத்தரையில், என் வேதியியல் புத்தகத்தைக் கட்டைவிரலால் ஓரம் தள்ளிவிட்டு, அம்மா நின்று காட்டினாள். இடுப்பில் வலி இருந்ததாகத் தெரியவில்லை. இப்போது பேனாவைக் கேட்கிறாள், கொடுக்கிறேன்.

இன்ஷிராஹ், நர்ஸாக வராதே. முகத்தை மூடிக்கொண்டும் வராதே, துணிக்குள்ளிருந்து புறா தின்ன முடியாது. மருதாணி இரவுக்கு முந்தைய நாளே வந்துவிடு, முதல் வண்டியில். வழியில் எதையும் வாங்கித் தின்னாதே. பசியோடு வா.
அஃபாஃப்